முதல் மழை கண்மாய்க்கு வருமுன்

(உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விதையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் இம்மேடையில் பலர் பேசியிருக்கிறார்கள். நான் இன்று மழை நீரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆலை, அச்சகம் ஆகியவற்றின் முற்றங்களில் விழுந்து, ஓடை வழியாக உங்கள் கண்மாய்க்கு வந்து சேரும் மழை நீரைப் பற்றிய பேச்சு இது.

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லி மீட்டர் மழைதான் கிடைக்கிறது. அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், சில வாரங்களில் பெய்து முடிந்துவிடும். மழை குறைந்த, காற்று உலர்ந்த பூமி என்பதால்தான் இந்தத் தொழில்களும் இங்கே வேரூன்றின. 1922-ல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அதன் பின் பட்டாசும் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. இன்று நாட்டில் வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதி இந்தச் சுற்று வட்டாரத்தில் உற்பத்தியாவதுதான்.

குச்சியும் திரியும் காய உதவுகிற அதே வெயில்தான் நம் பயிரை வாட்டுகிறது. பயிர் வாடிய ஆண்டுகளில் ஆலைக் கூலிதான் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஒரே வீட்டில் ஒருவர் ஆலைக்கும் மற்றொருவர் காட்டுக்கும் போவதை நாம் தினமும் பார்க்கிறோம். ஆகவே தொழிலைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்தக் குடும்பத்தின் இரண்டு வருமானத்தில் ஒன்று மற்றொன்றைக் கெடுத்துவிடாமல் காப்பது எப்படி என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

ஆலை ஓயும் காலமும் மழை தொடங்கும் காலமும்

பட்டாசு ஆலைகளில் தீபாவளிக்கு முந்தைய மாதங்களில்தான் வேலை மும்முரம். ஐப்பசியில் தீபாவளி முடியும். ஆலைகள் சில நாட்கள் ஓயும். அதே சமயத்தில்தான் வடகிழக்குப் பருவமழை இறங்குகிறது. நீங்கள் கலப்பையைப் பூட்டுவதும் அப்போதுதான்.

இதன் விளைவு என்ன? கோடை முழுவதும் சிந்திய மருந்து, காய வைத்த மேடையிலிருந்து பறந்த பொடி, எரித்த கழிவின் சாம்பல், மூலையில் குவித்த அட்டைக் குப்பை எல்லாம் முற்றத்தில் கிடக்கின்றன. பருவத்தின் முதல் பெருமழை அவற்றை ஒரே மூச்சில் கழுவி எடுத்துச் செல்கிறது. பல மாத அழுக்கு ஓரிரு மணி நேர நீரில் போகிறது. அந்த நீர்தான் வறண்டு கிடக்கும் கண்மாய்க்கு முதலில் வந்து சேர்கிறது. பின்னால் வரும் மழைகள் இவ்வளவு அழுக்கைச் சுமந்து வருவதில்லை.

சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதி ஓடைகள் கண்மாய்களை நிரப்பி, மறுகால் பாய்ந்து, அர்ஜுனா நதியையோ வைப்பாற்றையோ அடைகின்றன. அவ்விரண்டும் இருக்கன்குடியில் கூடுகின்றன. ஒரு முற்றத்தில் சிந்தியது எத்தனை ஊரைக் கடந்து போகும் என்று எண்ணிப் பாருங்கள்.

உரம்தானே என்று எண்ண வேண்டாம்

பட்டாசு மருந்தில் வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி, கரித்தூள் ஆகியவை சேர்கின்றன. சிவப்பு நிறத்திற்கு ஸ்ட்ரான்சியம் உப்பும், நீலத்திற்குச் செம்பு உப்பும், பச்சைக்குப் பேரியம் நைட்ரேட் எனப்படும் பச்சை உப்பும் சேர்ப்பார்கள். பேரியம் உப்புகளைப் பட்டாசில் பயன்படுத்த 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அதற்கு முன் பல்லாண்டுகள் சிந்தியது பழைய முற்றங்களின் மண்ணில் இருக்கக்கூடும். சில ரகப் பட்டாசுகளில் பெர்குளோரேட் உப்பு சேர்கிறது. தீக்குச்சி மருந்தில் பொட்டாசியம் குளோரேட் முக்கியமான சரக்கு.

“வெடியுப்பு பயிருக்கு உரம்தானே? கந்தகமும் சத்துதானே?” என்று உங்களில் சிலர் கேட்கலாம். கேள்வி சரியானதே. வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். அதை உரமாக விற்கிறார்கள். கந்தகம் அளவோடு இட்டால் களர் நிலத்தைத் திருத்தும். ஆனால் ஆலை முற்றத்திலிருந்து வருவது தனி உரமாக வருவதில்லை. குளோரேட், பெர்குளோரேட், உலோக உப்புகள் எல்லாம் கலந்து, அளவு தெரியாமல் வருகிறது. குளோரேட் உப்பைப் பல நாடுகளில் களைக்கொல்லியாகவே தெளித்திருக்கிறார்கள். புல்லைக் கருக்குவது நம் உளுந்தை மட்டும் விட்டு வைக்குமா?

எது மண்ணில் தங்கும்? எது கிணற்றுக்குப் போகும்?

இதைத் தெரிந்து கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அலுமினியம், செம்பு போன்றவை பெரும்பாலும் வண்டலோடு சேர்ந்து ஓடையிலும் கண்மாய் மடியிலும் படிந்துவிடும். பேரியம் மண்ணிலுள்ள சல்பேட்டுடன் சேர்ந்து கரையாத பொருளாகி அங்கேயே தங்கும். கந்தகத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மெல்ல அமிலமாக மாற்றும். சுண்ணாம்பு மிகுந்த கரிசல் அந்த அமிலத்தைத் தாங்கிக் கொள்ளும். செவல் நிலத்திற்கு அந்தத் தாங்கும் சக்தி குறைவு.

நைட்ரேட்டும் பெர்குளோரேட்டும் வேறு வகை. அவற்றை மண் பிடித்து வைக்காது. நீர் போகும் இடமெல்லாம் அவையும் போகும். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசலில் முதல் மழை வெடிப்பு வழியே நேராக ஆழத்திற்கு இறங்குவதை நீங்கள் அறிவீர்கள். முற்றத்து அழுக்கு நீரும் அவ்வாறே இறங்கிக் கிணற்று ஊற்றைச் சேரும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. மிகுந்தால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. பெர்குளோரேட், கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அயோடினை ஈர்ப்பதைத் தடுக்கிறது. கருவுற்ற தாய்மார்களும் குழந்தைகளும் இதில் முக்கியமாகக் காக்கப்பட வேண்டியவர்கள். நீரைக் கொதிக்க வைத்தால் இவ்விரண்டும் போய்விடாது. நீர் சுண்டுவதால் இன்னும் செறிவாகும்.

தென்னிந்தியப் பட்டாசுத் தொழிற்பகுதியின் நிலத்தடி நீரைச் சோதித்த ஓர் ஆய்வு 2013-ல் வெளியாயிற்று. சில கிணறுகளில் பெர்குளோரேட் மிகக் குறைவாகவே இருந்தது. மிக அதிகமாக இருந்த ஒரு மாதிரியிலோ லிட்டருக்கு 7,690 மைக்ரோ கிராம் காணப்பட்டது. அமெரிக்கா அக்காலத்தில் குடிநீருக்கு ஆலோசனையாக வைத்திருந்த அளவு 15 மைக்ரோ கிராம். ஆலைகள் உள்ள பகுதியில் அளவு மிகுந்தும் மற்ற இடங்களில் குறைந்தும் இருந்ததால், ஆலைகளே இதற்கு முக்கிய மூலம் என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள்.

இத்தகைய அனுபவம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தில் ஹெண்டர்சன் என்ற ஊர் உண்டு. நம்மைவிட வறண்ட பூமி. அங்கே பல்லாண்டுகளாகப் பெர்குளோரேட் தயாரித்த ஆலைகளின் கழிவு நிலத்தில் ஊறி, ஓர் ஓடை வழியாக மீட் ஏரி என்னும் பெரிய நீர்த்தேக்கத்தையும் கொலராடோ ஆற்றையும் அடைந்தது. 1997-ல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஆற்றுநீரைப் பாய்ச்சி வெகுதூரத்தில் பயிரான லெட்யூஸ் கீரையிலும் அது இருந்தது. ஆலைப் பகுதியின் நிலத்தடி நீரைச் சுத்தம் செய்யப் பெரும் பொருள் செலவிட்டும் வேலை பல்லாண்டுகள் நீண்டது. ஓடைக்குப் போகும் முன் தடுத்திருந்தால் ஆகும் செலவு அதில் சிறு பங்குதான்.

வெள்ளம் வருமுன் அணை

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் பெரியோர் வாக்கு. அழுக்கும் மழை நீரும் கலந்த பிறகு அவற்றைப் பிரிப்பது நம்மால் ஆகாத காரியம். கலக்காமல் பார்த்துக் கொள்வது எளிது. ஆலைக்கு நிலம் கொடுத்தவர்களும், ஆலையில் வேலை பார்ப்பவர்களும், சிறு ஆலை நடத்துபவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். ஆலையில் செய்ய வேண்டியவற்றை முதலில் சொல்கிறேன்.

1. புரட்டாசி முடிவதற்குள் முற்றத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். சிந்திய மருந்தை அகற்றுவது பயிற்சி பெற்ற போர்மேன் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். இரும்புக் கருவிகள் கூடாது. கழிவை மழைக்கு நனையாத, அனுமதி பெற்ற இடத்தில்தான் வைக்க வேண்டும்.

2. மூலப்பொருள் மூட்டைகளும் கழிவுக் குவியலும் ஒரு நாளும் வானம் பார்த்துக் கிடக்கக் கூடாது. மேலே கூரையும், கீழே தரையைவிட உயர்ந்த சிமெண்டு மேடையும் வேண்டும்.

3. மேட்டிலிருந்து வரும் வெளிநீர் ஆலைக்குள் புகாமல், மேற்புறத்தில் வரப்புப் போட்டுச் சுற்றி வழி விட வேண்டும். வயலில் வெள்ளம் புகாமல் நாம் செய்வதைப் போன்றதே இது.

4. வேலை முடிந்ததும் தரையைக் கழுவுவது பாதுகாப்புக்கு அவசியம். ஆனால் கழுவிய நீர் வெளியே ஓடக் கூடாது. சிமெண்டுத் தொட்டிக்குப் போக வேண்டும்.

5. முற்றத்து முதல் மழை நீரைப் பிடிக்கத் தொட்டி தேவை. கணக்கு எளிது. 10 சென்ட் முற்றத்தில் 10 மில்லி மீட்டர் மழை விழுந்தால் சுமார் 4,000 லிட்டர் நீர். 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் உள்ள தொட்டியில் அது அடங்கிவிடும். அதை மண் குழியாக வெட்டினால் பயனில்லை. நீர் கீழே இறங்கிவிடும். அடியும் பக்கமும் சிமெண்டு பூச வேண்டும். தொட்டி நிரம்பிய பின் வரும் மழை வேறு வழியே போகும்படி மடை அமைக்க வேண்டும். பிடித்த நீரை ஆழமில்லாத சிமெண்டுப் பாத்தியில் விட்டால் நம் வெயிலே வற்ற வைத்துவிடும். அடியில் தங்கும் கசடை அபாயக் கழிவாகக் கருதி, அனுமதி பெற்ற நிலையத்திற்கு அனுப்ப வேண்டும்.

6. மழைநீர் சேகரிப்பு நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு பெரிய தவறு நடக்கக் கூடும். முற்றத்து நீரைச் சேகரிப்புக் குழியில் விட்டால், அழுக்கை நாமே நேராக நிலத்தடி ஊற்றுக்கு ஊட்டுவதாகும். மருந்துப் பொடி படியாத சுத்தமான கூரையின் நீரை மட்டுமே குழியில் விட வேண்டும்.

7. அச்சகங்களில் மை தோய்ந்த துணி, கழுவிய மண்ணெண்ணெய், மருந்து டப்பாக்கள் ஆகியவற்றை மூடிய பீப்பாயில் சேர்க்க வேண்டும். தெருச் சாக்கடை எல்லாம் ஏதோ ஒரு கண்மாய்க்குத்தான் போகிறது.

ஓடைக் கரையில் வெட்டிவேரும் கோரையும் நட்டால் பொடியையும் வண்டலையும் ஓரளவு பிடிக்கும். கரைந்த உப்பைப் பிடிக்காது. ஆலைக் கொட்டகைகளை ஒட்டிப் புல் வளரவே விடக் கூடாது. காய்ந்தால் தீப்பற்றும்.

உழவர்கள் செய்ய வேண்டியவை

முதலாவது, உங்கள் தரிசில் ஆலைக் கழிவைக் கொட்டவோ எரிக்கவோ இடம் கொடுக்காதீர்கள். லோடுக்கு இவ்வளவு என்று பணம் கொடுப்பார்கள். பணம் ஒரு மாதத்தில் செலவாகிவிடும். உப்பு உங்கள் கிணற்றில் பல காலம் இருக்கும். உரிமம் இல்லாமல் பட்டாசு செய்வோருக்கு வயல் கொட்டகையை வாடகைக்கு விடுவதும் அப்படியே. அதில் உயிருக்கும் ஆபத்து உண்டு. காட்டில் கழிவு மூட்டை கிடப்பதைக் கண்டால் தொடாதீர்கள், தீ வைக்காதீர்கள், பிள்ளைகளை நெருங்க விடாதீர்கள். காவல் நிலையத்திற்கோ தீயணைப்பு நிலையத்திற்கோ சொல்லுங்கள்.

இரண்டாவது, முதல் மழையைக் கவனியுங்கள். ஓடையில் நீர் வரத் தொடங்கியதும், கரையிலேயே பாதுகாப்பாக நின்று, சுத்தமான பாட்டிலில் பிடியுங்கள். மூன்று நான்கு மழை கழித்து மறுபடி பிடியுங்கள். தேதியும் இடமும் எழுதி ஒட்டுங்கள். நீர்மேல் வெள்ளி போல் மினுக்கும் படலமோ, மஞ்சள் பொடியோ, எண்ணெய்ப் பளபளப்போ தெரிந்தால் சந்தேகப்பட இடமுண்டு. கண்ணுக்குத் தெளிவாக இருப்பதால் மட்டும் நீர் நல்லது என்றும் சொல்ல முடியாது. கரைந்த உப்பு கண்ணுக்குத் தெரியாது.

மூன்றாவது, கிணற்று நீரை ஆண்டுக்கு இரண்டு முறை, பங்குனியிலும் மார்கழியிலும், சோதிக்கக் கொடுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓட விட்டு, அதே நீரில் பாட்டிலை மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் பிடியுங்கள். மின் கடத்தும் திறன் மீட்டருக்கு 0.75 டெசி சைமனுக்குள் இருந்தால் பாசனத்திற்கு நல்ல நீர். 2.25-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்கு ஏற்றதன்று. மழைக்குப் பின் உப்புக் குறைவது இயல்பு. கூடினால் காரணத்தைத் தேட வேண்டும். வழக்கமான சோதனையில் பெர்குளோரேட் சேராது. அதைப் பெயர் சொல்லித் தனியாகக் கேட்டால்தான் பார்ப்பார்கள். இதை நினைவில் வையுங்கள்.

நான்காவது, ஆலைப் பகுதி ஓடை வந்து சேரும் கண்மாயின் வண்டலை வயலில் அடிக்கும் முன் சோதனை செய்யுங்கள். வரத்துக் கால் நுழையும் இடத்து மண்ணைத் தனியாகவும், நடு மடியின் மண்ணைத் தனியாகவும் எடுங்கள். அழுக்கு மிகுதியாகப் படிவது வரத்துக் கால் வாயில்தான்.

ஐந்தாவது, சந்தேகமுள்ள கிணற்று நீரைக் கீரைக்குப் பாய்ச்சாதீர்கள். பெர்குளோரேட் நீரோடு ஏறி இலையில் தங்குகிறது. பருத்தி போன்ற, இலையை உண்ணாத பயிருக்கு மாறுவது நலம். ஆலையை ஒட்டிய குட்டையில் மாடு ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டாதீர்கள்.

ஆறாவது, நம் பங்கையும் ஒப்புக்கொள்வோம். கிணற்றில் நைட்ரேட் ஏறுவதற்கு நாம் அளவுக்கு மேல் இடும் யூரியாவும், கிணற்றடியில் குவிக்கும் சாணமும் காரணம். மருந்து டப்பாவை ஓடையில் கழுவுகிறவர் ஆலைக்காரரைக் கேள்வி கேட்க முடியாது.

சட்டம் உங்கள் பக்கம்

1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, நீரைக் கெடுக்கும் பொருளை ஓடையிலோ கிணற்றிலோ நிலத்திலோ விடக் கூடாது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-ல் தொடங்கப்பட்டது. ஆலைகளுக்கு இசைவு கொடுப்பதும் நிபந்தனை விதிப்பதும் அவ்வாரியமே. மாதந்தோறும் ஆட்சியர் தலைமையில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம்.

மனு எப்படி இருக்க வேண்டும்? “தண்ணீர் கெட்டுவிட்டது” என்று மட்டும் எழுதினால் அது கோப்பில் உறங்கும். எந்த ஓடை, எந்தக் கண்மாய், எந்தச் சர்வே எண், எந்தத் தேதி மழை, என்ன கண்டீர்கள், சோதனை முடிவு என்ன என்று எழுதுங்கள். பெர்குளோரேட்டும் நைட்ரேட்டும் சோதிக்க வேண்டும் என்று பெயர் குறித்துக் கேளுங்கள். தனி ஆளாகப் போகாமல் ஆயக்கட்டுதாரர்கள் சேர்ந்து கையெழுத்திடுங்கள். அதற்கு முன் ஆலை நடத்துபவரிடமே ஒருமுறை நேரில் பேசுங்கள். அவர் குடும்பமும் இந்த ஊர்த் தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறது. ஒரு வரப்பு, ஒரு கூரை, ஒரு சிமெண்டுத் தொட்டி ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, ஒரு கிணறு கெட்டால் வரும் நட்டத்தைவிடக் குறைவு என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

உழவர் பெருமக்களே, மழைக்கு முன் வரத்துக் காலைச் செதுக்கி, மடையைச் சரி பார்த்து, கரையைப் பலப்படுத்துவது நம் முன்னோர் கடைப்பிடித்த முறை. அந்தப் பட்டியலில் இன்னொரு வேலையைச் சேர்த்துக் கொள்ளுங்கள். இவ்வாண்டு புரட்டாசியில் ஒரு நாள், உங்கள் கண்மாயிலிருந்து வரத்துக் கால் வழியே மேலே நடந்து போங்கள். எந்தெந்த முற்றத்து நீர் அதில் சேர்கிறது என்று பார்த்துக் குறித்துக் கொள்ளுங்கள். மழை இறங்குமுன் அங்கே போய்ப் பேசுங்கள். கார்த்திகையில் கண்மாய் நிறைந்து கலுங்கு பாயும்போது, அந்த நீரை மாட்டுக்கும் பயிருக்கும் அச்சமின்றி விடலாம்.